கேட்டுக்கொண்டிருப்பதற்கான செலவு

முதுகலைப் பொறியியல் இறுதியாண்டில் நான் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பு, கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் மின்சிக்கனமான வழித்தேர்வு. அந்த ஆண்டில் எங்கள் துறையில் என்னோடு சேர்த்து நான்கு பேர் அதே தலைப்பின் வெவ்வேறு வடிவங்களில் வேலை செய்துகொண்டிருந்தோம். கணினியில் உணரிக் கருவிகளாக, அதாவது கணுக்களாக, நூறு புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றுக்கும் அரை ஜூல் ஆற்றலைக் கொடுத்து, அது சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டு, எந்தச் சுற்றில் முதல் கணு இறக்கிறது, எந்தச் சுற்றில் பாதிக் கணுக்கள் இறக்கின்றன என்று வளைகோடு வரைந்தோம். என் வளைகோடு பழைய வழித்தேர்வு நெறிமுறையின் வளைகோட்டைவிடச் சற்று வலப்பக்கம் தள்ளி விழுந்தது. அந்தச் சிறு இடைவெளிதான் என் ஆய்வேட்டின் முடிவு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியராகச் சேர்ந்த கல்லூரியின் தென்னந்தோப்பில், மண்ணின் ஈரத்தை அளப்பதற்காகப் பன்னிரண்டு உண்மையான கணுக்களை மரங்களில் கட்டினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு புதிய ஏஏ மின்கலங்கள் இருந்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு தரவுப் பொதியை அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. என் ஆய்வேட்டில் இருந்த வழித்தேர்வு முறையையே அவற்றில் எழுதியிருந்தேன். ஐந்தாம் நாள் பிற்பகலில் ஒரு கணு நின்றது. அன்றிரவுக்குள் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. மற்றவற்றின் தரவைத் திரட்டி அனுப்பும் தலைமைப் பொறுப்பேற்ற கணு, ஏற்காத கணு, தொலைவில் இருந்தது, அருகில் இருந்தது என்ற வேறுபாடே அதில் இல்லை. என் வளைகோட்டில் நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்குப் படிப்படியாக இறங்கிய அந்தச் சரிவு, தோப்பில் செங்குத்தான சுவராக இருந்தது.

அந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. இப்போது இந்தத் துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் அதே இடத்தில் காலம் இழக்கக் கூடாது என்ற அக்கறையில் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு சொல். ஆய்வகத்தில் நாங்கள் 'நோடு' என்றே சொல்லும் கணு என்பது, ஓர் உணரி, ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி, குறைந்த தூரம் எட்டும் ஒரு ரேடியோ, ஒரு சோடி மின்கலம் ஆகியவை சேர்ந்த கருவி. எல்லாக் கணுக்களாலும் தரவைச் சேகரிக்கும் நிலையத்தை நேரடியாக எட்ட முடியாததால், ஒன்றன் பொதியை மற்றொன்று வாங்கிக் கடத்துகிறது. எந்தக் கணு எதன் வழியாக அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வதே வழித்தேர்வு. இணையத்தின் வழித்தேர்வில் வேகமும் நெரிசலும் முதன்மையானவை. இங்கே மின்கலமே முதன்மையானது, ஏனெனில் காட்டிலோ மலையிலோ வயலிலோ கட்டிவிட்டு வந்த கருவிக்கு மாதந்தோறும் மின்கலம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் நால்வரும் பயன்படுத்திய ஆற்றல் கணக்கு, 2000-ஆம் ஆண்டு சனவரியில் ஹவாயில் நடந்த மாநாட்டில் வெண்டி ஹைன்ஸல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து அளித்த கட்டுரையிலிருந்து வந்தது. சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர். பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் பெற்றவர். அவர்கள் முன்வைத்த 'லீச்' என்னும் நெறிமுறைதான் இன்றுவரை இத்துறையின் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடம். அதில் உள்ள ரேடியோ கணக்கு மிக எளிது. ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல் ஆகும். அனுப்பும்போது மட்டும், தூரத்தின் இருமடிக்கு ஏற்ப, சதுர மீட்டருக்கு 100 பிக்கோஜூல் கூடுதலாகச் செலவாகும்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் வகுப்பில் முதல் நாள் இதைத்தான் போடச் சொல்கிறேன். 100 மீட்டர் தொலைவுக்கு ஒரு பிட்டை ஒரே தாவலில் அனுப்பினால் 1050 நானோஜூல் ஆகும். நடுவில் ஒரு கணுவை வைத்து 50 மீட்டராக இரண்டு தாவலில் அனுப்பினால், இரண்டு அனுப்புதலுக்கு 600, நடுக்கணு பெறுவதற்கு 50, ஆக 650. மூன்று தாவலில் 583. நான்கு தாவலில் மீண்டும் 600-க்கு ஏறிவிடுகிறது. பத்துப் பத்து மீட்டராகப் பத்துத் தாவலில் அனுப்பினாலோ மறுபடியும் அதே 1050. தாவலைக் கூட்டிக்கொண்டே போனால் சிக்கனம் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் இந்த ஒரு கணக்கிலேயே தகர்ந்துவிடுகிறது. தூரத்துக்கான செலவு குறையும் அதே நேரத்தில், ஒவ்வொரு இடைக்கணுவும் பெறுவதற்காக ஒரு தொகையைக் கட்டவேண்டியிருக்கிறது. பெறுவதற்கும் செலவு உண்டு என்பதை அந்த மூவரும் அன்றே தெளிவாக எழுதியிருந்தார்கள். நான்தான் அதன் முழுப் பொருளைக் காணவில்லை.

லீச் இந்தச் சிக்கலை வேறு வகையில் அணுகியது. கணுக்கள் கொத்துகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தலைக்கணு. மற்றவை தங்கள் தரவை அதனிடம் கொடுக்க, அது எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பொதியாக நிலையத்துக்கு நேரடியாக அனுப்புகிறது. நெடுந்தூரம் அனுப்பும் சுமை தலைக்கணுவின் மின்கலத்தை விரைவாகத் தின்றுவிடும் என்பதால் தலைமை சுழற்சி முறையில் மாறுகிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கணுவும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, அது ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் தானே தலைமையை ஏற்கிறது. தலைக்கணுக்கள் 5 விழுக்காடு என்று வைத்தால், இருபது சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கணுவுக்கும் அந்த முறை வந்துசேரும்படி வரம்பு அமைக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து கட்டளையிடும் மையம் எதுவும் இல்லாமல், தற்செயலைக் கொண்டே சுமையைச் சமமாகப் பகிர்ந்துவிட்ட அந்த எண்ணத்தின் அழகு இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

அதன்பின் வந்த ஆண்டுகளில், அந்த வரம்பைக் கணிக்கும் வாய்பாட்டில் எஞ்சிய ஆற்றலைச் சேர்த்தும், தூரத்தைச் சேர்த்தும், எறும்புக் கூட்டத்தையும் தேனீக் கூட்டத்தையும் பின்பற்றியும் எண்ணற்ற திரிபுகள் வெளிவந்தன. என்னுடையதும் அவற்றில் ஒன்று.

இனி தோப்புக்கு வருகிறேன். கணுக்கள் எல்லாம் நின்றபின், ஒரு கணுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, மின்கலத்துக்குப் பதிலாக மின்வழங்கியை இணைத்து, நடுவில் ஒரு மில்லியாம்பியர் அளவியைப் போட்டேன். அது டெலோஸ் வகைக் கணு. அதில் இருந்தது சிசி2420 என்னும் ரேடியோ சில்லு. அந்தச் சில்லின் தரவுத்தாள் சொல்வதும் என் அளவி காட்டியதும் ஒத்துப்போயின. முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லியாம்பியர், பெறும்போது 18.8 மில்லியாம்பியர். அனுப்புவதைவிடப் பெறுவதற்குச் செலவு அதிகம். அதைவிட முக்கியமானது, காற்றில் எந்தப் பொதியும் வராதபோதும் அளவி அதே 18.8-இல் நின்றது. ரேடியோவைப் பொறுத்தவரை, ஒரு பொதியைப் பெறுவதும், வரக்கூடும் என்று காத்திருப்பதும் ஒரே வேலை. அலையைப் பெருக்கி, கலந்து, இலக்கமாக்கிப் பார்த்தால்தான் அதில் பொதி இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியும்.

இரண்டு ஏஏ காரமின்கலங்களின் கொள்ளளவை 2500 மில்லியாம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டு 18.8 ஆல் வகுத்தால் 133 மணி நேரம் வருகிறது. ஐந்தரை நாள். என் தோப்பின் சுவர் நின்ற இடம் ஏறக்குறைய அதுதான். 127 பைட்டுகள் கொண்ட முழுப் பொதி ஒன்று, நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் காற்றில் இருக்கும் நேரம் 4 மில்லிநொடி. பத்து நிமிடத்தில் அது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. மற்றப் பதினொரு கணுக்களின் பொதிகளையும் ஒரே கணு சுமந்தால்கூடப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நான் அவ்வளவு உழைத்துச் சீர்செய்தது அந்தச் சிறு பங்கை மட்டுமே. மீதமிருந்த நேரமெல்லாம் பன்னிரண்டு கணுக்களும் வெற்றுக் காற்றைக் கேட்டுக்கொண்டே மின்கலத்தைத் தீர்த்தன. எல்லாம் ஒரே அளவு கேட்டதால் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தன.

கணினியில் செய்த பாவிப்பில், அதாவது போலிச் சோதனையில், நாங்கள் கொடுத்த அந்த அரை ஜூலையும் இதே கண்ணால் பார்க்கலாம். 3 வோல்ட்டில் 18.8 மில்லியாம்பியர் என்றால் 56 மில்லிவாட். அரை ஜூல் ஆற்றலுள்ள கணு ரேடியோவைத் திறந்துவைத்தால் ஒன்பது நொடிக்குள் இறந்துவிடும். உண்மையான இரண்டு ஏஏ மின்கலங்களில் இருப்பதோ இருபதாயிரம் ஜூலுக்கு மேல். எங்கள் பாவிப்பில் ஒரு கணு ஆயிரம் சுற்றுகள் வாழ்ந்தது என்றால், சுற்றுகளுக்கு இடையில் அது கேட்ட நேரத்துக்கு யாரும் கணக்கு எழுதவில்லை என்பதே அதன் பொருள்.

இதைக் கண்டுகொண்ட பிறகு அந்தப் பழைய கட்டுரையை மீண்டும் எடுத்து வரிவரியாகப் படித்தேன். அதில் ஒரு நேர்மையான செய்தி இருந்தது. லீச் முறையில் தலைக்கணு தன் கொத்திலுள்ள ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனி நேரக்கூறை ஒதுக்குகிறது. தன் முறை வரும்வரை உறுப்பினர் ரேடியோவை அணைத்துவிடலாம் என்று அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உறக்கம் அந்த நெறிமுறையின் உள்ளேயே இருந்தது. பின்னால் வந்தவர்கள் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் வாய்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நேர ஒதுக்கீட்டை விட்டுவிட்டோம். வாய்பாட்டை மாற்றுவது எளிது, வளைகோட்டில் உடனே தெரியும். பன்னிரண்டு கணுக்களின் கடிகாரங்களை ஒத்திசைத்து ஒரே நேரத்தில் விழிக்கவைப்பது கடினம். அது எந்த வளைகோட்டிலும் தெரியாது. எங்கள் துறையில் பல ஆண்டு உழைப்பு வீணானதற்கு இதுவே முதற்காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ரேடியோவை உறங்கவைக்கும் ஆய்வு வேறொரு பாதையில் நடந்துகொண்டிருந்தது. 2002-இல் வெய் யீ, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோர் வெளியிட்ட எஸ்-மேக் முறையில் அண்டைக் கணுக்கள் ஒன்றாக உறங்கி ஒன்றாக விழித்தன. 2004-இல் பெர்க்லியிலிருந்து வந்த பி-மேக் அந்த ஒத்திசைவையும் கைவிட்டது. ஒவ்வொரு கணுவும் தன் விருப்பப்படி அவ்வப்போது சில மில்லிநொடி மட்டும் கண்விழித்து, காற்றில் ஏதாவது அலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும். அனுப்புபவர்தான் கேட்பவர் விழிக்கும்வரை விடாமல் முன்சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அரை நொடிக்கு ஒரு முறை 5 மில்லிநொடி விழித்தால் விழிப்பு விகிதம் ஒரு விழுக்காடு. 133 மணி நேரம் ஒன்றரை ஆண்டாகிவிடுகிறது. இதற்கு விலையும் உண்டு. 4 மில்லிநொடிப் பொதியை ஒப்படைக்க, அனுப்புபவர் அரை நொடிவரை அலையை வெளியிட வேண்டியிருக்கும். கேட்பவரின் செலவு குறைந்து, அது அனுப்புபவரின் தலையில் நூறு மடங்காக ஏறுகிறது. இதைத் தணிக்க 2006-இல் வந்த எக்ஸ்-மேக், நீண்ட முன்சமிக்ஞையைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டிலும் பெறுநரின் முகவரியை வைத்தது. உரியவர் விழித்ததும் இடைவெளியில் 'நான் கேட்கிறேன்' என்று பதில் சொல்ல, பொதி உடனே கைமாறுகிறது. உரியவரல்லாதவர் முதல் துண்டைக் கண்டதும் மீண்டும் உறங்கிவிடுகிறார்.

வழித்தேர்வுக்கு உண்மையான வேலை தொடங்குவது இங்கேதான் என்பதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ரேடியோ எப்போதும் திறந்திருக்கும் வலையமைப்பில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான். ரேடியோ உறங்கும் வலையமைப்பில் ஒவ்வோர் அனுப்புதலும் நூறு மடங்கு விலையுயர்ந்ததாகிவிடுவதால், தேவையற்ற ஒரே ஓர் அனுப்புதலும் மின்கலத்தில் தெரிகிறது.

அப்படித் தேவையற்ற அனுப்புதல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மோசமான இணைப்பிலிருந்துதான். எங்கள் பாவிப்பில் இரண்டு கணுக்களுக்கு இடையே தூரம் இருந்தது. தூரத்துக்கு ஏற்ப ஆற்றலைச் செலவிட்டால் பொதி தவறாமல் போய்ச்சேர்ந்தது. தோப்பில் அப்படி இல்லை. பத்து மீட்டரில் நன்றாகக் கேட்ட இணைப்பு மழைக்குப் பின் பாதியாகியது. முப்பது மீட்டரில் ஒரு பக்கம் மட்டும் கேட்டது. நெதர்லாந்தில் 2005-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் உருளைக்கிழங்கு வயலில் இலைக்கருகல் நோயைக் கண்காணிக்க ஏறத்தாழ நூறு கணுக்களோடு வலையமைப்பு அமைத்தார்கள். அதில் எதிர்பார்த்த தரவில் 2 விழுக்காடு மட்டுமே வந்துசேர்ந்தது. அந்தத் தோல்வியை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் எழுத்துகளில் அதுவும் ஒன்று, ஏனெனில் வெற்றியை மட்டும் எழுதும் பழக்கமுள்ள இடத்தில் தவறுகளை ஒன்றுவிடாமல் சொல்வதற்குப் பெரிய மனம் வேண்டும்.

இணைப்பின் தரத்தை அளக்க, எம்ஐடியில் டி கூட்டோவும் அவருடைய தோழர்களும் 2003-இல் முன்வைத்த அளவை எளிமையானது, வலுவானது. ஒரு பொதி போய்ச்சேரும் வாய்ப்பையும் 'கிடைத்தது' என்ற ஏற்பு திரும்பிவரும் வாய்ப்பையும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால், சராசரியாக எத்தனை முறை அனுப்பவேண்டியிருக்கும் என்பது கிடைக்கும். இரு திசையிலும் பாதிக்குப் பாதி கேட்கும் ஒரு நீண்ட தாவலுக்கு நான்கு அனுப்புதல் தேவை. இரு திசையிலும் நூற்றுக்கு 95 கேட்கும் இரண்டு குறுந்தாவல்களுக்குச் சேர்த்தே 2.2 தான். தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழித்தேர்வு முதலாவதைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ இரட்டிப்பு ஆற்றலைச் செலவழித்துவிடும். ஓமப்ரகாஷ் கனவாலி, பிலிப் லெவிஸ் முதலியோர் 2009-இல் வெளியிட்ட மரவடிவச் சேகரிப்பு நெறிமுறை இந்த அளவையையே அடிப்படையாகக் கொண்டது. அதைப் பன்னிரண்டு வெவ்வேறு சோதனைக் களங்களில் உண்மையான கணுக்களில் ஓட்டிக் காட்டினார்கள். பாவிப்பு ஒன்றை மட்டும் வைத்து எழுதப்பட்ட முந்தைய கட்டுரைகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எனக்கு அப்போது மிகவும் உறைத்தது.

வழியைக் கண்டுபிடிப்பதற்கே பொதிகள் தேவைப்படுகின்றன என்பது அடுத்த சிக்கல். 'நான் இங்கே இருக்கிறேன், என் வழியாக அனுப்பினால் இவ்வளவு செலவு' என்று ஒவ்வொரு கணுவும் அறிவித்துக்கொண்டே இருந்தால், தரவைவிட அறிவிப்பே மிகுதியாகிவிடும். அறிவிக்காமல் இருந்தால் ஒரு கணு இறந்ததோ, புதிதாக ஒன்று வந்ததோ தெரியாது. 2004-இல் வந்த 'ட்ரிக்கிள்' முறை இதற்குத் தந்த விடை இன்றும் மாறவில்லை. எல்லாம் முன்போலவே இருக்கிறது என்றால் அறிவிப்பு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். முரண் ஒன்று தெரிந்தவுடன் மிகச் சிறிய இடைவெளிக்குத் திரும்பிவிட வேண்டும். தான் சொல்ல நினைத்ததை அண்டையில் சிலர் ஏற்கெனவே சொல்லிவிட்டால் தான் பேசாமல் இருந்துவிட வேண்டும். 2012-இல் இணையப் பொறியியல் பணிக்குழு வெளியிட்ட ஆர்பிஎல் என்னும் வழித்தேர்வுத் தரநிலையும் இதையே எடுத்துக்கொண்டது.

இவையெல்லாம் சரியாக அமைந்த பிறகும் தீராமல் நிற்கும் ஒன்று உண்டு. நிலையத்துக்கு அருகிலுள்ள கணுக்களின் சுமை. நிலையத்தை நடுவில் வைத்து, ஒரே அகலமுள்ள ஐந்து வளையங்களாகப் பரப்பைப் பிரித்துக்கொள்வோம். வளையங்களின் பரப்பு 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் இருக்கும். கணுக்கள் சீராகப் பரவியிருந்தால் அவற்றின் எண்ணிக்கையும் அதே விகிதம். கடைசி வளையத்தில் உள்ள கணு தன் ஒரு பொதியை மட்டும் அனுப்புகிறது. இரண்டாம் வளையத்தில் ஒரு கணுவுக்கு எட்டுப் பொதி. முதல் வளையத்தில் உள்ள ஒவ்வொரு கணுவும் 24 பொதிகளைப் பெற்று 25 பொதிகளை அனுப்ப வேண்டும். அந்த வளையம் தீர்ந்துபோனால், வெளியே முழு மின்கலத்தோடு நிற்கும் கணுக்களின் குரல் யாருக்கும் எட்டாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசித் தாவல் அந்த வளையத்தின் வழியாகத்தான் என்பதால், வழித்தேர்வின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனமும் இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் மிகக் குறைந்த ஆற்றலுள்ள வழியைத் தேர்வதும், வலையமைப்பின் ஆயுளை மிகுதியாக்குவதும் வெவ்வேறு குறிக்கோள்கள் என்பதைச் சாங், டாசியுலாஸ் இருவரும் 2000-ஆம் ஆண்டிலேயே கணித வடிவில் காட்டிவிட்டார்கள். மலிவான வழி எல்லோருக்கும் மலிவு என்பதால் எல்லோரும் அதிலேயே போய், அதிலுள்ள கணுவை முதலில் கொன்றுவிடுகிறார்கள்.

இதோடு ஒட்டுக்கேட்டலும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், பறவைகளின் வளைக்குள் இருக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிய, பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் 2002 கோடையில் 32 கணுக்களை வைத்தார்கள். அங்கே அவர்கள் ஆராய்ந்த பறவையின் பெயர் லீச்சின் புயற்பறவை. நெறிமுறையின் பெயரோடு அது ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவில் வரும். அடுத்த ஆண்டு அதே தீவில் ஒரே தாவலில் அனுப்பும் பகுதியையும் பல தாவல்களில் கடத்தும் பகுதியையும் அருகருகே இயக்கினார்கள். பல தாவல் பகுதியில், தனக்குரியதல்லாத பொதிகளையும் காதில் வாங்கவேண்டியிருந்ததால் கணுக்களின் மின்கலம் கூடுதலாகத் தேய்ந்தது. ஒரு கணு கடத்தும் ஒவ்வொரு பொதிக்கும் அதன் அண்டையர் எல்லோரும் சிறிது கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்தை என் பாவிப்பு எந்த இடத்திலும் எழுதவில்லை.

உறக்கத்தையும் வழியையும் பிரிக்காமல் ஒன்றாகவே அமைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எனக்குக் காட்டியது, சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் 2007-இல் உருவான 'டோஸர்' என்னும் முறை. கணுக்கள் மரவடிவில் அமைகின்றன. ஒவ்வொரு தாய்க்கணுவும் தன் பிள்ளைகளுக்கு நேர அட்டவணை போடுகிறது. வலையமைப்பு முழுவதற்கும் பொதுக் கடிகாரம் வேண்டாம். பிள்ளை தன் தாயின் கடிகாரத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். கடிகாரப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகும் என்று வைத்தால், இருவர் எதிரெதிராகப் பிசகினால்கூட முப்பது நொடியில் 1.2 மில்லிநொடிதான் விலகுவார்கள். அவ்வளவு முன்னதாக விழித்துக்கொண்டால் பொதியைத் தவறவிடமாட்டார்கள். இப்படிச் செய்ததில் ரேடியோவின் விழிப்பு விகிதம் சராசரியாக 0.2 விழுக்காட்டுக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டின் கொடுங்கோடையில் பனிப்பிணைப்பு தளர்ந்து பாறை சரிந்த மாட்டர்ஹார்ன் மலையில், ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில், பாறை இடுக்குகளின் அசைவை அளக்க 2008-இல் நிறுவிய கணுக்களில் ஓடியது இந்த முறைதான். அங்கே மின்கலம் மாற்றுவது என்பது மலையேறுவது. டோஸரில் தாயைத் தேர்ந்தெடுப்பது வழித்தேர்வா, நேர ஒதுக்கீடா என்று பிரித்துச் சொல்ல முடியாது; இரண்டும் ஒரே முடிவு. அதைப் படித்த பிறகுதான், வழித்தேர்வைத் தனிப் பாடமாகப் பிரித்துக் கற்பித்த எங்கள் பாடத்திட்டமே என்னைத் திசைதிருப்பியது என்று புரிந்தது.

2011-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த 'குளோசி' முறை இன்னும் ஒரு படி போய், வழியைத் தேர்ந்தெடுப்பதையே கைவிட்டது. ஒரு பொதியைக் கேட்ட எல்லாக் கணுக்களும் அதை ஒரே நொடியின் மிகச் சிறு கூறுக்குள் சேர்ந்தே மறுபடி ஒலிபரப்புகின்றன; அலைகள் மிக நெருக்கமாக ஒத்திசைவதால் மோதி அழியாமல், கேட்பவருக்கு ஒரே பொதியாகவே தெரிகின்றன. சில மில்லிநொடியில் வெள்ளம் முழு வலையமைப்பிலும் பரவி அடங்கிவிடுகிறது. பிறகு எல்லோரும் உறங்கப் போகிறார்கள். ஒவ்வொரு பொதியையும் எல்லாக் கணுக்களும் அனுப்புவது வீண்செலவு என்று என் பழைய கணக்கு சொல்லும். ஆனால் வழி தேடும் பொதி இல்லை, அண்டையர் பட்டியல் இல்லை, காத்திருக்கும் நேரம் இல்லை என்று மூன்றையும் கழித்துப் பார்த்தால், அடிக்கடி வழி மாறும் இடங்களில் இது மலிவாகவே முடிகிறது. தென்னந்தோப்பைப் போல அசைவு குறைந்த இடத்துக்கு இது தேவையா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு பொதிக்கு மரவடிவமே போதும் என்று நினைக்கிறேன்.

தோப்பில் இப்போது இரண்டாம் முறையாகக் கட்டிய பன்னிரண்டு கணுக்கள் ஓடுகின்றன. தாய்க்கணுவை இணைப்பின் தரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. அரை நொடிக்கு ஒரு முறை விழிக்கின்றன. ஒவ்வொரு பொதியிலும் மண்ணின் ஈரத்தோடு மின்கலத்தின் வோல்ட்டையும், அந்தப் பத்து நிமிடத்தில் ரேடியோ எத்தனை மில்லிநொடி திறந்திருந்தது என்பதையும் சேர்த்து அனுப்பச் செய்திருக்கிறேன். ஓர் ஆண்டைக் கடந்தும் வெளிமரங்களில் இருக்கும் கணுக்களுக்கு நான் மின்கலம் மாற்றவில்லை. பம்ப்செட் அறையில் இருக்கும் நிலையத்துக்கு அருகிலுள்ள இரண்டு கணுக்களுக்கு மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். அவற்றின் சுமையை மற்றவற்றுக்குப் பகிர்ந்துகொடுக்க ஒரு பருவம் முழுவதும் முயன்றேன். பகிர்ந்துகொள்ள அந்த இடத்தில் வேறு கணு இல்லை. சென்ற மாதம் அந்த இரண்டுக்கு மட்டும், ஓலை நிழல் படாத கிணற்றுச் சுவரின் மேல் உள்ளங்கையளவு சூரியத் தகடு ஒன்றை வைத்துக் கம்பி இழுத்துக் கொடுத்தேன். மற்றப் பத்தும் பழைய மின்கலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.